மூத்தவனுக்கு ஓட்டிசம், இளையவளுக்கு ஒன்பதாம் மாத ஊசியைப் போடலாமா?

நிலாவெளியிலிருந்து ஓர் இளம் தாய் எழுதியிருக்கிறார். மூத்த மகனுக்கு நான்கு வயது. மூன்று வயது முடிந்த கையோடு, சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றையும் தடுக்கும் எம்.எம்.ஆர். ஊசியின் இரண்டாவது தடவையைப் போட்டார்கள், அடுத்த மாதம் முன்பள்ளியில் சேர்த்தார்கள். மற்றப் பிள்ளைகளோடு சேராமல் கதவைத் திறப்பதும் சாத்துவதுமாக நிற்கிறான் என்று ஆசிரியை சொன்னார். சில மாதங்களில் குழந்தை நல வைத்திய நிபுணர் ஓட்டிசம் என்று எழுதிக் கொடுத்தார். இளைய மகளுக்கு இப்போது எட்டரை மாதம்; அதே ஊசியை முதல் தடவை போடுவது ஒன்பது மாதத்தில். ரொறன்ரோவில் இருக்கும் மச்சாள், "அந்த ஊசியால்தான் அவனுக்கு வந்தது, இவளுக்காவது போடாதே" என்று குரல் செய்தியும், அமெரிக்க அரசாங்கப் பக்கம் ஒன்றின் இணைப்பும் அனுப்பியிருக்கிறார். மாமியும் அதையே சொல்கிறார். ஊசியில் பாதரசம் இருக்கிறதா என்ற கேள்வியும் கடிதத்தில் இருக்கிறது. கடிதத்தின் கடைசி வரி இது: "நான்தான் டொக்டர் அவனை மடியில் வைத்துக் கையைப் பிடித்துக் கொடுத்தேன்."

மகளே, பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இளையவளுக்கு ஒன்பது மாதம் முடிந்ததும் வரும் முதல் கிளினிக் நாளிலேயே ஊசியைப் போடுங்கள். மகனுக்கு ஓட்டிசம் வந்ததற்கு அந்த ஊசி காரணமில்லை. நீங்களும் காரணமில்லை. திருகோணமலை மாவட்டத்துத் தாய் சேய் கிளினிக்குகளில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்தவள் நான். இந்தக் கேள்வியை எத்தனையோ தாய்மாரின் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். "ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள்" என்று ஒரு வரியில் முடித்தால் நீங்கள் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய் மச்சாளின் குரலைத்தான் திரும்பக் கேட்பீர்கள். ஆகவே எனக்குத் தெரிந்ததை முழுவதுமாக எழுதுகிறேன்.

மகனின் முதலாவது பிறந்தநாள் காணொளி உங்கள் கைத்தொலைபேசியில் இருந்தால் முதலில் அதை எடுத்துப் பாருங்கள். சில வருடங்களுக்கு முன் உவர்மலையில் ஒரு தகப்பன் இதே கோபத்தோடு என்னிடம் வந்தார். மூன்று வயது ஊசிக்கு முன் பிள்ளை எவ்வளவு நன்றாக இருந்தான் என்று காட்டுவதற்காகப் பிறந்தநாள் காணொளியை மேசையில் வைத்து ஓடவிட்டார். கேக், பலூன், வீடு நிறையச் சனம். தாய்மாமன் மெழுகுதிரியைக் கொளுத்தியபடி பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். ஒரு தடவை, இரண்டு தடவை, நான்காவது தடவை கையைத் தட்டிக் கூப்பிடுகிறார். பிள்ளை திரும்பவில்லை. மின்விசிறிக் காற்றில் ஆடும் ஒரு காகித நாடாவைப் பார்த்தபடியே இருக்கிறான். யாரோ சிரித்துக்கொண்டு, "இவருக்குச் சாப்பாடு என்றால் மட்டும் காது கேட்கும்" என்கிறார்கள். காணொளி முடிந்த பின்னும் தகப்பன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை மறுபடியும் முதலிலிருந்து ஓடவிட்டார். மூன்று வயது ஊசிக்கு இரண்டு வருடம் முன்பே அந்த வீட்டில் எல்லோர் கண் முன்னாலும் அது இருந்திருக்கிறது. முதற்பிள்ளை, ஒப்பிட்டுப் பார்க்க வேறு பிள்ளை இல்லை. யாரையும் குறை சொல்ல முடியாது.

"ஒன்பதாம் மாத ஊசி அதற்கு முன்பே போட்டாயிற்றே, அது செய்திருக்கலாம் அல்லவா?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். 1994 இல் அமெரிக்காவில் ஒஸ்டர்லிங், டோசன் என்ற இரு ஆய்வாளர்கள் இதே மாதிரி முதலாவது பிறந்தநாள் காணொளிகளைச் சேகரித்தார்கள். பிற்காலத்தில் ஓட்டிசம் என்று தெரிந்த 11 குழந்தைகள், வழமையாக வளர்ந்த 11 குழந்தைகள். முகத்தைப் பார்க்கிறதா, விரலால் சுட்டிக் காட்டுகிறதா, கையிலிருப்பதை மற்றவருக்குக் காட்டுகிறதா, பெயர் சொன்னால் திரும்புகிறதா என்ற நான்கையும் வைத்தே பெரும்பாலான குழந்தைகளைச் சரியாகப் பிரித்தறிய முடிந்தது. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் எம்.எம்.ஆர். ஊசியின் வயது 15 மாதம். பிறந்தநாள் கேக் வெட்டும்போது அவர்களுக்கு அந்த ஊசி போடப்படவே இல்லை.

அதற்குப் பிறகு விஞ்ஞானம் இன்னும் பின்னோக்கிப் போயிருக்கிறது. ஓட்டிசம் உள்ள மூத்த சகோதரர் இருக்கும் கைக்குழந்தைகளின் மூளையை 6 மாதத்திலும் 12 மாதத்திலும் படமெடுத்துப் பார்த்த ஆய்வு 2017 இல் வெளிவந்தது. பிற்காலத்தில் ஓட்டிசம் கண்ட குழந்தைகளின் மூளை மேற்பரப்பு அந்த ஆறு மாதத்துக்குள்ளேயே மற்றவர்களைவிட வேகமாக விரிந்திருந்தது. 2014 இல் வந்த இன்னோர் ஆய்வு, மூளையின் அடுக்குகள் தாயின் வயிற்றிலேயே வேறு விதமாக அமையத் தொடங்குவதைக் காட்டியது. ஐந்து நாடுகளில் 20 இலட்சம் பிள்ளைகளின் பதிவுகளை வைத்துக் கணித்தபோது, ஒருவருக்கு ஓட்டிசம் வருவதில் ஏறத்தாழ 80 சதவீதப் பங்கு பரம்பரை அலகுகளுக்கே என்று தெரிந்தது. பிள்ளை பிறந்து முதல் ஊசி போடும்போது இந்தக் கதையின் பெரும்பகுதி எழுதி முடிந்திருக்கிறது.

அப்படியானால் ஊசிக் கதை எங்கிருந்து வந்தது? 1998 பெப்ரவரியில் லண்டனில் அண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற வைத்தியரும் அவருடைய குழுவினரும் 'லான்செட்' சஞ்சிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மொத்தம் 12 குழந்தைகள். எம்.எம்.ஆர். போட்ட பிறகு குடல் நோயும் நடத்தை மாற்றமும் வந்ததாக எழுதியிருந்தார்கள். பத்திரிகையாளர் மாநாட்டில், மூன்று நோய்க்கான ஊசிகளையும் பிரித்துத் தனித்தனியாகப் போட வேண்டும் என்று வேக்ஃபீல்ட் சொன்னார். அவர் சொல்லாமல் விட்டவற்றைப் பிரையன் டியர் என்ற பத்திரிகையாளர் 2004 முதல் வருடக்கணக்காகத் தோண்டி எடுத்தார். ஊசி நிறுவனங்களுக்கு எதிராக வழக்குப் போட ஆயத்தமான ஒரு சட்டத்தரணி மூலம் வேக்ஃபீல்டுக்கு நான்கு இலட்சம் பவுணுக்கு மேல் பணம் போயிருந்தது. கட்டுரை வருவதற்கு முந்திய வருடமே தனிச் சின்னமுத்து ஊசி ஒன்றுக்கு அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். 12 குழந்தைகளும் முன்பு நன்றாக இருந்தவர்கள் என்று எழுதினார். ஐந்து பேருக்கு ஊசிக்கு முன்பே வளர்ச்சியில் சந்தேகம் இருந்தது என்று அவர்களுடைய சொந்த வைத்தியப் பதிவுகள் சொல்லின. ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான பிள்ளைகளின் இரத்தம் வேண்டும் என்று தன் மகனின் பிறந்தநாள் விழாவுக்கு வந்த சிறுவர்களுக்கு ஐந்து பவுண் கொடுத்து ஊசி குத்தி இரத்தம் எடுத்தார். இதைப் படித்த நாள் எனக்கு இன்றும் மறக்கவில்லை.

இணைந்து எழுதியவர்களில் பத்துப் பேர் 2004 இல் அந்த முடிவிலிருந்து தங்கள் பெயரை விலக்கிக்கொண்டார்கள். 2010 பெப்ரவரியில் 'லான்செட்' கட்டுரையையே மீளப் பெற்றது. அதே ஆண்டு மே மாதம் பிரித்தானிய மருத்துவப் பேரவை வேக்ஃபீல்டின் பெயரை வைத்தியர் பதிவேட்டிலிருந்து நீக்கியது. மச்சாள் அனுப்பிய குரல் செய்தியின் வேர் இதுதான். அவர் பொய் சொல்லவில்லை, அன்பால் சொல்கிறார். ஆனால் அவருக்கு வந்து சேர்ந்த செய்தி அழுகியது.

ஒருவர் மோசடி செய்தார் என்பதால் மட்டும் அவர் சொன்னது பொய்யாகிவிடாது. அதனால் மற்றவர்கள் உண்மையாகவே தேடிப் பார்த்தார்கள். டென்மார்க்கில் ஒவ்வொரு பிரசைக்கும் பிறப்பிலிருந்தே ஓர் இலக்கம் உண்டு. எந்தப் பிள்ளை எந்த நாளில் எந்த ஊசி போட்டது, எந்தப் பிள்ளைக்கு என்ன நோய் கண்டார்கள் என்பதெல்லாம் அந்த இலக்கத்தின் கீழ் பதிவாகும். 2002 இல் 537,303 குழந்தைகளையும், 2019 இல் 657,461 குழந்தைகளையும் எடுத்துப் பார்த்தார்கள். எம்.எம்.ஆர். போட்டவர்களிலும் போடாதவர்களிலும் ஓட்டிசம் ஒரே அளவில்தான் இருந்தது. ஜப்பானில் வேறு ஒரு காரணத்துக்காக, கூகைக்கட்டுப் பகுதியால் சிலருக்கு மூளை உறை அழற்சி வந்ததால், 1993 இல் எம்.எம்.ஆர். ஊசியை நிறுத்திவிட்டார்கள். யோக்கோஹாமா நகரின் ஒரு பகுதியில் அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஒருவருக்கும் எம்.எம்.ஆர். இல்லை, ஓட்டிசம் என்று கண்டறியப்பட்டவர்களின் தொகையோ ஏறிக்கொண்டே போயிற்று.

எங்கள் நாட்டிலேயே இதற்கு ஒரு சான்று இருக்கிறது. இலங்கையில் 18 முதல் 24 மாதம் வரையான குழந்தைகளைப் பரிசோதித்த ஆய்வு ஒன்று 2009 இல் வெளிவந்தது. 93 குழந்தைகளுக்கு ஒருவர் என்ற அளவில் ஓட்டிசம் காணப்பட்டது. எம்.எம்.ஆர். ஊசி எங்கள் தேசிய அட்டவணையில் சேர்ந்தது 2011 இல். அரசாங்கக் கிளினிக்கில் அந்த ஊசி இல்லாத காலத்திலேயே நூறு பிள்ளைகளுக்கு ஒருவர் அளவில் இங்கே ஓட்டிசம் இருந்திருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இங்கிலாந்தில் தாய்மார் சந்தேகப்பட்டது ஒரு வயதை ஒட்டிப் போடும் ஊசியை. அமெரிக்காவில் இரண்டு, நான்கு, ஆறு மாத ஊசிகளையும் சந்தேகப்பட்டார்கள். நீங்கள் சந்தேகப்படுவது மூன்று வயது ஊசியை. ஏன்? எங்கள் ஊரில் மூன்று வயதில்தான் பிள்ளை முன்பள்ளிக்குப் போகிறது. முதல் தடவையாக இருபது பிள்ளைகளுக்கு நடுவே இருத்திப் பார்க்கிறோம். அதே வயதில் ஊசி அட்டவணையிலும் ஒரு கட்டம் இருக்கிறது. பிள்ளையின் வளர்ச்சியில் எந்த வயதில் எதைக் கண்டாலும் அதற்குச் சில வாரம் முன்போ பின்போ ஓர் ஊசி இருக்கத்தான் செய்யும், ஏனென்றால் அட்டவணை அப்படி நெருக்கமானது. காகம் இருந்ததும் பனம்பழம் விழுந்ததும் என்று எங்கள் முன்னோர் சொன்னது இதைத்தான்.

"முந்தி இப்படிப் பிள்ளைகள் இருக்கவில்லையே" என்று மாமி சொல்வார். இருந்தார்கள். என் சிறு வயதில் எங்கள் ஒழுங்கையில் ஓர் அண்ணன் இருந்தார். எவரோடும் பேசமாட்டார். திருக்கடலூர்க் கடற்கரையில் பொறுக்கிய சோகிகளைத் திண்ணையில் ஒரே வரிசையாக அடுக்குவார். நாங்கள் ஒன்றை எடுத்துவிட்டால் அன்றைக்கு முழுதும் அழுவார். பஸ் நிலையத்துக்கு வரும் ஒவ்வொரு பஸ்ஸின் இலக்கமும் அவருக்கு மனப்பாடம். ஊர் அவருக்கு வைத்த பெயரை நான் எழுதமாட்டேன். கோயிலில் நூல் கட்டினார்கள், திருநீறு போட்டார்கள், பிறகு வீட்டுக்குள் வைத்துக்கொண்டார்கள். அவர் பிறந்த காலத்தில் இலங்கையில் சின்னமுத்துக்கு ஊசியே கிடையாது. அது 1984 இல்தான் வந்தது. லியோ கானர் என்ற வைத்தியர் 11 குழந்தைகளை விவரித்து இந்த நிலைக்கு ஓட்டிசம் என்ற பெயரை எழுதியது 1943 இல். உலகத்தில் எங்குமே அப்போது சின்னமுத்து ஊசி இல்லை. இன்று கூடியிருப்பது பெரும்பாலும் எங்கள் பார்வை. வரைவிலக்கணம் விரிந்திருக்கிறது, பேசத் தெரிந்த, படிக்கக்கூடிய பிள்ளைகளும் அதற்குள் வருகிறார்கள், முன்பள்ளி ஆசிரியைக்கும் அந்தச் சொல் தெரிந்திருக்கிறது.

பாதரசத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். திமரோசல் என்பது பல தடவைக்கு எடுக்கும் குப்பிகளில் கிருமி வளராமல் சேர்க்கும் பொருள்; அதில் எதைல் பாதரசம் உண்டு. எம்.எம்.ஆர். ஊசியில் அது ஒருபோதும் இருந்ததில்லை, ஏனென்றால் அது உயிருள்ள, வலுக்குறைத்த கிருமிகளால் ஆன ஊசி. திமரோசல் சேர்த்தால் கிருமி செத்து ஊசியே வீணாகிவிடும். மற்ற ஊசிகளில் இருக்கும் எதைல் பாதரசமும் சுறா போன்ற பெரிய மீன்களில் சேரும் மெதைல் பாதரசமும் பெயரில்தான் உறவு. முதலாவது இரத்தத்தில் ஒரு வாரமளவில் பாதியாகக் குறையும். இரண்டாவதற்கு ஒன்றரை மாதம் பிடிக்கும். (மீனைக் கைவிட்டுவிடாதீர்கள், சூடையும் கீரியும் பிள்ளைகளுக்கு நல்லவை.) டென்மார்க் 1992 இல் திமரோசலை நிறுத்தியது. அமெரிக்கா 2001 அளவில் குழந்தை ஊசிகளிலிருந்து எடுத்துவிட்டது. இரண்டு நாட்டிலும் ஓட்டிசத் தொகை குறையவில்லை. பாதரசக் கதை நிற்காமற்போனதும் அலுமினியம் என்றார்கள். டென்மார்க்கில் 12 இலட்சம் குழந்தைகளைப் பார்த்து 2025 இல் வெளிவந்த ஆய்வில் அதுவும் நிற்கவில்லை.

மச்சாள் அனுப்பிய இணைப்பு அமெரிக்க அரசாங்கத்தின் பக்கம் என்பது உண்மைதான். 2025 நவம்பரில், ரொபர்ட் கென்னடி இளையவர் சுகாதாரச் செயலாளராக இருக்கும்போது, அந்த நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு நிலையத்தின் இணையப் பக்கம் மாற்றி எழுதப்பட்டது. தடுப்பூசிகள் ஓட்டிசத்தை ஏற்படுத்துவதில்லை என்ற கூற்றுக்குச் சான்று போதாது என்ற பொருளில் இப்போது அங்கே எழுதப்பட்டிருக்கிறது. அந்த மாற்றத்துக்கு முன்னால் எந்தப் புதிய கண்டுபிடிப்பும் வரவில்லை. அந்தப் பக்கத்தை எழுதியவர்கள் பிடித்துக்கொண்டது ஒரு சொல் விளையாட்டை: ஒன்று ஒருபோதும் நடக்காது என்று எந்த ஆய்வாலும் முழுதாக நிறுவ முடியாது. கன்னியா வெந்நீரூற்றில் குளிப்பதால் ஓட்டிசம் உண்டாவதில்லை என்றும் அந்த அளவுகோலில் யாராலும் நிறுவ முடியாது. அடுத்த மாதமே உலக சுகாதார நிறுவனத்தின் தடுப்பூசிப் பாதுகாப்புக் குழு, தொடர்பு இல்லை என்று மறுபடி அறிவித்தது. அதிகாரத்தில் இருப்பவர்கள் சொன்னால் தாய்மார் நம்புவார்கள் என்று தெரிந்துகொண்டே இப்படி எழுதுவது எனக்குப் பெரும் வேதனை.

ஊசியில் ஒரு பாதகமும் இல்லை என்று நான் சொல்லப்போவதில்லை. எம்.எம்.ஆர். போட்டு ஒரு வாரம் கழித்து, 7 முதல் 12 நாளுக்குள், சில பிள்ளைகளுக்குக் காய்ச்சலும் மெல்லிய தடிப்பும் வரும். மூவாயிரம், நாலாயிரம் பேரில் ஒருவருக்குக் காய்ச்சலோடு வலிப்பு வரலாம். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், பின்விளைவு இராது. இரத்தத்தட்டுகள் தற்காலிகமாகக் குறைவது முப்பது, நாற்பதாயிரத்தில் ஒருவருக்கு. கடும் ஒவ்வாமை பத்து இலட்சத்தில் ஒருவரளவில்; அதற்காகத்தான் ஊசிக்குப் பின் கிளினிக் வாங்கிலேயே இருந்துவிட்டுப் போகச் சொல்கிறோம். கைக்குழந்தைகளுக்கு ஐந்து நோய்க்குச் சேர்த்துப் போடும் ஐங்கூட்டு ஊசியை 2008 ஜனவரியில் இங்கே தொடங்கினார்கள். சில குழந்தைகள் இறந்ததாக அறிக்கைகள் வந்ததும் ஏப்ரலிலேயே நாடு முழுவதும் நிறுத்தினார்கள். நிபுணர்கள் ஒவ்வொன்றாக ஆராய்ந்து ஊசி காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு என்று கண்ட பின் 2010 இல்தான் மீண்டும் தொடங்கினார்கள். சந்தேகம் வந்தால் நிறுத்துவதற்கு இந்த நாட்டுச் சுகாதாரத் துறை தயங்கியதில்லை என்பதை நான் உள்ளிருந்து கண்டவள்.

இனி உங்கள் இளையவளைப் பற்றி. இந்தப் பகுதியை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனாலும் மறைக்க எனக்கு உரிமையில்லை. மூத்த பிள்ளைக்கு ஓட்டிசம் இருந்தால் அடுத்த பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. பெண் குழந்தையென்றால் குறைவு, நூற்றுக்கு 13 அளவில். இது ஊசி போட்டாலும் அப்படித்தான், போடாவிட்டாலும் அப்படித்தான். உங்களைப் போன்ற குடும்பங்களை மட்டும் பார்த்த அமெரிக்க ஆய்வு 2015 இல் வந்தது. 95,727 பிள்ளைகளில் ஓட்டிசமுள்ள மூத்தவர் இருந்த வீடுகளைப் பிரித்து எடுத்துப் பார்த்தார்கள். அந்த வீடுகளில் பலர் பயத்தால் இளையவர்களுக்கு ஊசியைத் தள்ளிப்போட்டிருந்தார்கள். தள்ளிப்போட்ட பிள்ளைகளில் ஓட்டிசம் குறைந்திருக்கவில்லை. ஊசியை மறுத்தால் உங்கள் மகளுக்கு அந்த 13 சதவீதம் குறையாது. சின்னமுத்து என்ற இன்னோர் ஆபத்துத்தான் மேலதிகமாகச் சேரும்.

அது எப்படிப்பட்ட ஆபத்து என்று மாமியிடமே கேளுங்கள். மாமி அந்தக் காலத்தவர். அம்மாள் வருத்தம் என்று வாசலில் வேப்பிலை செருகிய வீடுகள் அவருக்கு நினைவிருக்கும். சளி நெஞ்சில் இறங்கி மூச்சு இழுத்து இறந்த பிள்ளைகள், கண் பார்வை போன பிள்ளைகள். ஆயிரத்தில் ஒருவருக்கு மூளை அழற்சி. கைக்குழந்தையாக இருக்கும்போது வந்து மாறிய சின்னமுத்து ஏழெட்டு வருடம் கழித்து மூளையில் மீண்டும் கிளம்பிப் பிள்ளையைக் கொல்வதும் உண்டு. அதற்கு இன்றும் மருந்தில்லை. நோயாளி இருமிவிட்டுப் போன அறையில் இரண்டு மணி நேரம் வரை கிருமி மிதக்கும். 2019 இல் இலங்கை சின்னமுத்தை ஒழித்த நாடாக அறிவிக்கப்பட்டது. 2023 இல் அது திரும்பி வந்தது. 2024 ஜனவரியில் ஒன்பது மாவட்டங்களில் ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு மேலதிக ஊசி போட வேண்டியதாயிற்று. மச்சாள் இருக்கும் கனடா 2025 நவம்பரில் ஒழித்த நாடு என்ற தகுதியையே இழந்தது.

புலம்பெயர்ந்தவர்களிடம் இந்தக் கதை எப்படி வேலை செய்யும் என்பதற்கு மினசோட்டாவில் வாழும் சோமாலியர்களைப் பாருங்கள். எங்களைப் போலவே போரிலிருந்து ஓடிப்போன சனம். தங்கள் பிள்ளைகளுக்கு ஓட்டிசம் ஏன் என்று தெரியாமல் தவித்தபோது ஊசி எதிர்ப்பாளர்கள், வேக்ஃபீல்ட் உட்பட, தேடிப் போய்ப் பேசினார்கள். 2004 இல் நூற்றுக்கு 92 ஆக இருந்த அவர்களுடைய எம்.எம்.ஆர். அளவு 2014 இல் 42 ஆக விழுந்தது. 2017 இல் சின்னமுத்து வந்தது. 75 பேர், பெரும்பாலும் ஊசி போடாத சின்னஞ்சிறு சோமாலியப் பிள்ளைகள். ஓட்டிசம் குறையவில்லை. எங்கள் ஊரில் ஊசிக்கு இருந்த மதிப்பை நான் நினைத்துக்கொள்கிறேன்: 1990களில் போலியோச் சொட்டு மருந்து நாட்களுக்காக இரண்டு தரப்பும் சண்டையை நிறுத்தின, குளிர்ப் பெட்டிகள் சோதனைச் சாவடிகளைத் தாண்டிப் போயின. இலங்கையின் கடைசிப் போலியோ நோயாளி 1993 இல்.

எம்.எம்.ஆர். ஊசியின் மூன்றாவது எழுத்து ருபெல்லா. கர்ப்பிணிக்கு அது வந்தால் வயிற்றுப் பிள்ளையின் கண்ணும் காதும் இதயமும் பழுதாகும். 1964, 65 இல் அமெரிக்காவில் ருபெல்லா பரவியபோது ஏறத்தாழ 20,000 குழந்தைகள் அப்படிப் பிறந்தன. அவர்களில் 243 பேரை ஸ்டெல்லா செஸ் என்ற மனநல வைத்தியர் தொடர்ந்து பார்த்து 1971 இல் எழுதினார்: 18 பேருக்கு ஓட்டிசமோ அதன் ஒரு பகுதி அறிகுறிகளோ இருந்தன. அன்றைய கணக்கில் இது மிகமிகப் பெரிய எண்ணிக்கை. ஓட்டிசத்துக்கு உறுதியாகத் தெரிந்த மிகச் சில வெளிக் காரணங்களில் ஒன்று ருபெல்லா. அதைத் தடுப்பது நீங்கள் பயப்படும் இதே ஊசி.

உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். ஒரு காலத்தில் வைத்தியர்களே, தாய் அன்பு காட்டாததால்தான் பிள்ளைக்கு ஓட்டிசம் வந்தது என்று எழுதினார்கள். ஒரு தலைமுறைத் தாய்மார் அதைச் சுமந்தே செத்துப்போனார்கள். அது பொய்யென்று தெரிந்து கொஞ்சம் மூச்சு விட்ட நேரத்தில், "நீதான் ஊசிக்குக் கொண்டுபோனாய்" என்ற அடுத்த சுமையை ஏற்றிவிட்டார்கள். இறக்கி வையுங்கள். அந்தச் சுமையைக் காசாக்குகிறவர்களும் உண்டு: பாதரசத்தை உடம்பிலிருந்து இறக்குகிறோம் என்று இரத்த நாளத்தில் மருந்து ஏற்றுவார்கள். 2005 இல் பென்சில்வேனியாவில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் அப்படி ஏற்றியபோது இரத்தத்தில் கல்சியம் இறங்கி இதயம் நின்று இறந்தான். உங்களிடம் யாராவது அப்படி விலை பேசினால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

செய்ய வேண்டியவை. மகனுக்குக் காதுப் பரிசோதனை செய்யாவிட்டால் முதலில் அதைச் செய்வியுங்கள். பேச்சு மொழிச் சிகிச்சைக்குக் காத்திருக்கும் மாதங்களில் சும்மா இருக்க வேண்டாம். அவன் கதவைத் திறந்து சாத்தும்போது பக்கத்தில் தரையில் இருங்கள், முகம் அவன் முகத்துக்கு நேராக. அவன் திறக்கும்போது "திற" என்று மட்டும் சொல்லுங்கள், சாத்தும்போது "சாத்து". பிறகு கதவில் கையை வைத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல், அவன் உங்களைப் பார்க்கும்வரை பொறுத்திருங்கள். பார்த்ததும் உடனே திறந்துவிடுங்கள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. ஐந்து வயது ஊசியையும் அவனுக்குத் தவறவிட வேண்டாம்.

மகளுக்கு ஊசி போட்ட திகதியைச் சுகாதார விருத்திப் பதிவேட்டில் எழுதுவார்கள். காய்ச்சல் வரக்கூடிய நாட்களை நீங்கள் கலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். காய்ந்தால் நிறைக்கு ஏற்ற அளவு பரசிட்டமோல் கொடுங்கள். அளவைக் குடும்ப நல உத்தியோகத்தரிடம் அன்றைக்கே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அண்ணனுக்கு ஓட்டிசம் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். பன்னிரண்டு மாதத்தில் பெயருக்குத் திரும்புகிறாளா, பதினெட்டு மாதத்துக்குள் நிலாவையோ நாயையோ விரலால் காட்டி உங்கள் முகத்தைப் பார்க்கிறாளா என்று கவனியுங்கள். இல்லையென்றால், "பொறு, பேசுவாள்" என்று யார் சொன்னாலும் அந்த வாரமே குழந்தை நல வைத்திய நிபுணரிடம் கொண்டுபோங்கள். கிளினிக் நாளில் மாமியையும் அழைத்துப் போங்கள். பிள்ளையை இந்த முறை அவர் மடியில் வைத்திருக்கட்டும்.